நாற்பது பவுண்டு காற்று

மலைச் சைக்கிளுக்கு அதிர்வுதாங்கி உண்மையிலேயே தேவைதானா என்று, காப்பியை ஊதிக் குடித்தபடி சற்றுமுன் கேட்டீர்கள். ஷெரீஃப் அலுவலகத்தின் விபத்துப் படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்காது. நீங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் டாம் மலைக்குப் போகிறவர் என்பதை உங்கள் முழங்கைச் சிராய்ப்பே சொல்கிறது. முப்பத்தோரு ஆண்டுகள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். நியாயமான கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. நாற்காலியை வெயிலிலிருந்து சற்று நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: தேவையில்லை. எழுபதுகளில் இந்த ஊரில் நாங்கள் இந்த விளையாட்டைத் தொடங்கியபோது, யாரோ ஓட்டித் தேய்த்துத் தூக்கிப்போட்ட கனத்த பழைய சைக்கிள்களில்தான் மலையிறங்கினோம். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக். அடிவாரத்துக்கு வருவதற்குள் சக்கரத்தின் நடுவிலிருக்கும் கிரீஸ் கருகிப் புகைந்துவிடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் புதிதாக அடைக்க வேண்டும். அந்த வண்டிகளில் கல்லும் வேரும் நேராகக் கைக்கு வந்து சேரும். கை அதைப் படிக்கும். படித்ததற்கு ஏற்ப உடம்பு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மலை நம்மிடம் பேசுவது அந்த அடிகளின் வழியாகத்தான். அந்தப் பேச்சை எண்ணெயும் காற்றும் அடைத்த குழாய்க்குள் அமுக்கிவிட்டால் வேகம் கூடும், அறிவு கூடாது. இதில் இன்றைக்கும் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ள மாட்டேன்.

டெல்ஃபின் சில்வேராவின் கட்சி வேறு. உங்களுக்கு அவனை ஓர் உடலாக மட்டும்தான் தெரியும் என்பதால் சொல்கிறேன்: இந்த ஊரின் முடிதிருத்தகம் அவனுடையது. பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, மாடுகளிடமிருந்து தப்பி வந்து கத்தரிக்கோலைப் பிடித்தவன். “மாடு தலைய ஆட்டும், மனுஷன் வாய ஆட்டுவான். ரெண்டுல மனுஷன் தேவலை” என்பான். அவனுக்கு நடீன் இருந்தாள், கடை இருந்தது, கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எனக்கு மனைவி மக்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

எங்கள் இருவருக்குள் ஒரு வழக்கம் உண்டு. உச்சியில், இறங்குவதற்கு முன்பு, ஒருவன் வண்டியை மற்றவன் சோதிக்க வேண்டும். சொந்த வண்டியின் குறை சொந்தக்காரன் கண்ணில் படாது என்பது டெல்ஃபினின் கொள்கை. பதினேழு ஆண்டுகளில் என் பிரேக்கை அவன்தான் பார்த்தான்; அவனுடையதை நான்தான் பார்த்தேன். சோதித்தவன் சொன்ன சொல்லை மற்றவன் திரும்பச் சரிபார்த்ததே இல்லை. அது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவன் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, இந்தக் குலுக்கலைக் குறைக்காவிட்டால் கத்தியைக் கீழே வைக்க வேண்டியதுதான் என்றார் மருத்துவர். ஒரு குளிர்காலம் முழுக்க அவன் மலைக்கு வரவில்லை. நான் சனிக்கிழமைதோறும், வெட்டுவதற்கு அதிகம் இல்லாத என் தலையைக் கொடுத்துக்கொண்டு அவன் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூற்றொன்று மார்ச்சில், அதாவது இந்த ஆண்டு, அவன் அதிர்வுதாங்கி வைத்த ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவையை, வாங்கி மாட்டினான். அதன் மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே ரப்பர்த் துளை ஒன்று இருக்கும். கூடைப்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைத்தான் அதில் செருக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பந்துகளால் அந்த ஊசியோடு எனக்கு நல்ல பழக்கம். டெல்ஃபினின் எடைக்கு நாற்பது பவுண்டு அழுத்தம். குறைந்தால் ஃபோர்க் தொய்யும், கூடினால் விறைக்கும். விரல் மரத்தவனால் அந்த ஊசியைப் பிடிக்க முடியாது. ஆகவே அந்த வேலை எனக்கு வந்தது.

முதல் ஞாயிறு நான் அடிவாரத்துக்கு வந்தபோது அவன் புல்லில் மல்லாந்து கிடந்தான்.

“வாத்தியாரே, என்னடா இவ்வளவு நேரம்? வழியில மான் குட்டிங்களுக்குப் பாடம் எடுத்தியா?”

பிறகு எழுந்து, விரல்களை என் முகத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான்.

“பாருடா. பத்தும் இருக்கு. பத்தும் பேசுது.”

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று சொல்ல வேண்டிய இடம் இது.

மே மாதத்துக்குள் அவன் கீழே காத்திருப்பதை நிறுத்திவிட்டான். அவனைப்போலவே ஃபோர்க் வைத்த நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் இறங்கி முடிப்பதற்குள் அவர்கள் இரண்டாம் முறை ஏறிக்கொண்டிருப்பார்கள். எதிரே வரும்போது டெல்ஃபின் ஒரு கையை விட்டு அசைப்பான். அந்தப் புழுதியின் நடுவே நானும் அசைப்பேன்.

நான் கோபப்படுகிறவன் அல்ல. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல அவனுக்கு ஒரு கதை சொன்னேன். ஒரு மலையாடும் ஒரு கழுதையும் நண்பர்கள். குளம்பு வலிக்கிறதென்று கழுதைக்கு யாரோ பஞ்சுச் செருப்புத் தைத்துக் கொடுத்தார்கள். வலி போயிற்று, கூடவே தரையும் போயிற்று. ஒருநாள் பாறை முடிந்த இடம் கழுதையின் காலுக்குத் தெரியவில்லை. நான் இதைச் சொன்னபோது டெல்ஃபின் தன் கடையில் ஒருவர் கழுத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தான்.

“உன் கதைல எப்பவும் ஆடுதான்டா ஜெயிக்குது.”

“ஏன் அப்படி?”

“கதை சொல்றதே ஆடுதானே.”

நாற்காலியில் இருந்தவர் நுரையோடு சிரித்தார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு உச்சியில் நாற்பத்தைந்து வைத்தேன்.

தயவுசெய்து இதைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். அவனுக்குக் கெடுதல் செய்யும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஃபோர்க் ஒரு மாயை என்பதை அவன் கையே அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் விரும்பினேன். சொன்னால் அவன் பழைய இரும்பு ஃபோர்க்குக்குத் திரும்புவான், வேகம் குறையும், என்னோடு வருவான். வாரத்துக்கு ஐந்து பவுண்டு மட்டும் கூட்டினேன். அதற்கு மேல் கூட்டினால் தெரிந்துவிடும். பாடத்தையும் அப்படித்தான் நடத்த வேண்டும், ஒரு நாளில் ஒரு படிக்கு மேல் ஏற்றக் கூடாது.

ஐம்பத்தைந்தில் அவன் ஒருமுறை கேட்டான்.

“ஏன்டா, ஃபோர்க்கு கொஞ்சம் கட்டியா இருக்கோ?”

“நாற்பதுதான் இருக்கு. உனக்குப் பழகிப்போச்சு, அதான்.”

“இருக்கும்” என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தபால்காரர் ஒருவரின் காதோரத்தை அவன் கத்தி கீறிவிட்டது. சிறிய காயம். அந்த மனிதர் சிரித்துக்கொண்டேதான் போனார். டெல்ஃபின் கத்தியை மடித்து இழுப்பறையில் வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தான்.

“இருபத்தொம்பது வருஷம்டா. இந்தத் தரையில முடியத் தவிர ஒண்ணும் விழுந்ததில்லை.”

மறுநாள் கதவில் ‘மீன் பிடிக்கப் போயிருக்கிறேன்’ என்று ஓர் அட்டை தொங்கியது. அவனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

நடீன் எனக்குத் தொலைபேசியில் பேசினாள். “ஆல்டன், அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வரலை. நான் போட்டுவிட்டா கோவிச்சுக்கிட்டுக் கூடத்துல போய் நிக்கிறார். டாக்டருக்கே புரியலையாம். அந்த ஷாக் ஃபோர்க்கு மாட்டினப்புறம் நல்லாத்தானே இருந்துச்சுன்னு கேக்கிறார். உங்க பேச்சத்தான் அவர் கேப்பார். நீங்க சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன், சொல்லவும் செய்தேன். அந்த ஃபோர்க்கைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டு, நாம் இருவரும் மெதுவாகப் போகலாம் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் அன்புதான் இருந்தது.

“போடா பைத்தியம். ஷாக் இருக்கும்போதே இப்படின்னா, அது இல்லாம என்ன ஆகும்? ஃபோர்க்கு மேல தப்பில்லைடா. கைதான் போச்சு.”

இந்த விடையை நான் எதிர்பார்க்கவில்லை. ஆசிரியர் மனத்தில் வைத்திருந்த விடையை விட்டுவிட்டு, தர்க்கம் சற்றும் பிசகாமல் வேறொரு விடையை மாணவன் எழுதிவிடுவதுண்டு. அவனைக் குறை சொல்ல முடியாது. அவனிடம் இருந்த விவரங்கள் அவ்வளவுதான். அந்த விவரங்களைக் கொடுத்தவன் நான்.

ஆகஸ்ட் முதல் வாரம் அவன் சொன்னான்: “இந்த ஞாயிறோட முடிச்சுக்கறேன். ஒரே ஒரு இறக்கம். அவனுங்க யாரும் வேணாம். நீயும் நானும் மட்டும்.”

நீயும் நானும் மட்டும். இந்தச் சொற்களுக்காகத்தான் நான் அந்தக் கோடை முழுவதையும் செலவழித்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்று காலை உச்சியில் கடல்மூட்டம் விலகவில்லை. அவன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, நடீன் கட்டிக் கொடுத்த இனிப்பு ரொட்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத் தின்றுகொண்டிருந்தான். விரல்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. நான் மண்டியிட்டு ஊசியைச் செருகினேன். ஃபோர்க்கில் எழுபதுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது.

நீங்கள் கேட்காவிட்டாலும் இந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். காற்றை இறக்க இரண்டு நொடி போதும். இறக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். நாற்பதுக்கு இறக்கினால் இறக்கம் மெத்தென்று இருக்கும். அடிவாரத்தில் அவன் விரல்கள் பேசத் தொடங்கும். கை போகவில்லை என்று தெரிந்துகொள்வான். போகாத கை இத்தனை வாரம் ஏன் மரத்தது என்று அதற்குப் பிறகு யோசிப்பான். டெல்ஃபின் முட்டாள் அல்ல.

பம்பை இரண்டு முறை அழுத்தினேன். முள் எழுபதைத் தொட்டது.

“நாற்பதுதானே வாத்தியாரே?”

“நாற்பதுதான்.”

அவன் முன்னால் போனான். கடைசி முறை என்பதால் வேகமாகப் போனான். மூன்றாவது வளைவில், பிரேக்கின் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் எனக்கு அது கேட்கவில்லை.

நான் பள்ளத்தில் இறங்கியபோது அவன் ஒரு மரத்தின் வேரடியில் மல்லாந்து கிடந்தான். கால்கள் இருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பேசினான்.

“புடிச்சேன்டா. பிரேக்கப் புடிச்சேன். கை மடங்கல.”

“ஆமாம்டா” என்றேன்.

உங்கள் ஆட்கள் பிறகு அந்த ஃபோர்க்கை அளந்து, முப்பத்தெட்டு பவுண்டு, குறை ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கவனமாகத்தான் வேலை செய்திருக்கிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே நான் அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சைக்கிள் அவனிடமிருந்து பத்தடி தள்ளிக் கிடந்தது. மூடி மண்ணில் அழுந்தியிருந்ததால் கழற்றச் சற்று நேரம் பிடித்தது.

“அங்க என்னடா பண்ற?”

“சைக்கிளப் பாக்கறேன்.”

“அத விடுடா. இங்க வந்து கையப் புடி.”

தொடங்கிய வேலையை முடித்துவிட்டுப் போனேன். அவன் கையைப் பிடித்தேன். பிடித்தது அவனுக்குத் தெரிந்ததா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என்னைப் பார்க்காமல், மேலே மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “வாத்தியாரே, வந்துட்டியா?” என்று இரண்டு முறை கேட்டான். பிறகுதான் வனக்காவலர் குடிலுக்கு ஓடினேன். ஆட்களோடு திரும்பி வந்தபோது அவசரம் எதுவும் இருக்கவில்லை.

இதுதான் முழு விவரம். கையெழுத்து எங்கே வேண்டும் என்று காட்டுங்கள். ஃபோர்க் செய்தவர்கள்மீது யாரும் பழி சொல்ல வேண்டாம். உங்கள் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்: நாற்பது பவுண்டில் அது தன் வேலையைச் செய்தது. எனக்குத் தேவையில்லை, அவனுக்குத் தேவைப்பட்டது.

ஒரே ஒரு வேண்டுகோள். அடக்கத்தன்று நடீன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீங்க பாத்துக்கிட்டதாலதான் அவர் இவ்வளவு நாள் ஓட்டினார், ஆல்டன்” என்றாள். வருகிற ஞாயிறு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறாள். மாட்டுக்கறிச் சாற்றில் ரொட்டியை ஊறவைத்து, புதினா போட்டு, அவள் செய்வது டெல்ஃபினுக்குப் பிடித்தமானது. இதையெல்லாம் அவளிடம் ஒரேயடியாகப் போட்டு உடைத்துவிடாதீர்கள். இந்த வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம் என்று சொல்லுங்கள். அப்படிக் கூட்டிக்கொண்டு போனால் மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.