ஊற வேண்டிய ஒரு மணி நேரம்

ஏர் பிரஷ் அடைத்துக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது அவசரப்படாமல் இருப்பது. குண்டூசியை எடுத்து அதன் மூக்கில் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். அதோடு அதன் ஆயுசு முடிந்தது. உள்ளே இருக்கும் ஊசியைப் பின்பக்கமாக உருவ வேண்டும். மூக்கைத் திருகிக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட வேண்டும். காய்ந்த சாயம் இளகியதும் ஒரு குதிரை மயிரை உள்ளே விட்டு மெல்லத் திருப்பினால் வந்துவிடும். கடைசியாக, மூக்கை உதட்டில் பொருத்தி மூச்சை உள்ளே இழுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு சின்னத் துவாரத்தில் கண்ணை நம்ப முடியாது. நாக்கு நுனியில் காற்று ஒரே சீராகச் சில்லென்று பட்டால் சுத்தமாகிவிட்டது.

இதையும் எழுதிக்கொள்கிறீர்களா, ஐயா? நல்லது. மெதுவாகவே சொல்கிறேன்.

உங்கள் மேஜைமேல் தடித்த பேனா மாதிரி இருக்கிறதே, அதுதான் ஏர் பிரஷ், காற்றடித்துச் சாயம் தூவி வரைகிற கருவி. நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் அதை வாயருகே கொண்டுபோக வேண்டாம்.

என் பெயர் அழகர்சாமி. சொந்த ஊர் பல்லடம். இந்தக் கோத்தகிரிக் கடைவீதியில் பதினெட்டு வருஷமாகக் கடிகாரம் பழுது பார்க்கிறேன். பெண்டாட்டி, பிள்ளை இல்லை. கடிகாரக் கடைக்கு வருகிறவர்கள் உட்காருவதில்லை. கொடுத்துவிட்டுப் போவார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். துரைமார்கள் ஆளை அனுப்புவார்கள். அந்த ஆளும் வாசலிலேயே நின்றுவிடுவான். மழை மாதங்களில் மூன்று நாள், நான்கு நாள் என் குரலை நானே கேட்காமல் இருந்திருக்கிறேன். அது கஷ்டமாகத்தான் இருந்தது. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாலசுப்பிரமணியம் வந்தார். கீழே நாலு மைலில் இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் பெரிய கிளார்க். குடும்பம் உடுமலையில், குவார்ட்டர்ஸ் ஈரம் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தனியாக இருந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன் சாமான்களை ஏலம் விட்டபோது இந்த ஏர் பிரஷையும் அதற்குக் காற்றடிக்கும் கால்பம்பையும் எடுத்திருக்கிறார். படம் வரைவதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. மலைக்கு மேலே மூடுபனி, தேயிலைக்கு மேலே மூடுபனி, ஃபேக்டரிப் புகைபோக்கியைச் சுற்றி மூடுபனி. கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு மூடுபனியை வரைவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ஆனால் நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன். அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

முதல் நாள் வந்தபோது, "ஏனுங்க, இதுக்கு மூக்கடைச்சுக்கிச்சுங்க. மலைக் குளிரு பித்தளையக்கூட உடமாட்டேங்குது. நீங்கதான் வைத்தியம் பாக்கோணும்" என்று சிரித்தார்.

பத்து நிமிஷம் ஊறினால் போதும். நான் ஒரு மணி நேரம் ஊற வேண்டும் என்றேன். அவர் உட்கார்ந்தார்.

அந்த ஒரு மணி நேரம் என்ன பேசினோம் என்றால், ஒன்றுமில்லை. அவர் மகள் ராகம் போட்டுப் பாடுவாள் என்பது. இந்த வருஷம் கொழுந்து மோசம் என்பது. எனக்கு இளநரை எப்போது வந்தது என்பது. பதினெட்டு வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு டம்ளர் டீ வரும். எப்போதும் ஒன்று வாங்குகிறவன் இரண்டு சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட பெருமையை நீங்கள் புரிந்துகொள்ள மாட்டீர்கள்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அது அடைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் ஞாயிறு வந்தார். அன்று துடைத்துக் கொடுக்கும்போது மூக்கின் உட்சுவரில் மயிரிழை அளவு கருவேலம் பிசினைத் தடவிக் காயவைத்தேன். சாயத்தின் ஈரம் பட்டுப் பட்டு அது உப்பி, நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அடைக்கும். எனக்குக் கை அளவு தப்பாது. அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. உதட்டில் வைத்து இழுத்துப் பார்க்கவும் நான்தான் அவருக்குப் பழக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் பம்பில் மாட்டுமுன் அப்படிச் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, டீயைக் குடித்து முடித்துவிட்டு, "இனி இதத் தூக்கிட்டு வர வேண்டியதில்லைங்க. களுவற பக்குவம் எனக்கே கைக்கு வந்துருச்சுங்க" என்றார். எழுந்து வாசலுக்குப் போய், அங்கே நின்று இன்னும் ஏதோ சொன்னார். நான் ஏர் பிரஷைத் துடைக்கத் திரும்பிவிட்டேன். காதில் விழவில்லை. அதை நாளை சாயங்காலம் ஆள் வந்து வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும் விழுந்தது.

அன்றுபோல நான் அதை ஒருநாளும் துடைத்ததில்லை. பிசின் பொட்டுக்கூட மிச்சமில்லாமல் எடுத்தேன். அதன்பிறகு, கடிகார உறைக்கு முலாம் பூச வைத்திருக்கும் சயனைடு உப்பு அலமாரியில் இருந்தது. பிசினைத் தடவும் அதே இடத்தில் அதைத் தடவிக் காயவைத்தேன்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, ஐயா. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வரப் பிரியமில்லாதவருக்காக ஞாயிறுதோறும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது ஒன்று. வர முடியாமல் போனவரை நினைத்து உட்கார்ந்திருப்பது வேறொன்று. இரண்டாவதை மனுஷனால் தாங்க முடியும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில், அவர் வரைவதற்கு உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிட்டார் என்றார்கள். எஸ்டேட் டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஒருவர் என் கையைப் பிடித்து, "உங்க சிநேகிதருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படிச் சொல்ல நிம்மதியாக இருந்தது.

சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதிக் கெடுக்கிறாய் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. யாருக்கும் சந்தேகம் இல்லைதான். ஆனால் நேற்று அவர் சம்சாரம் ஜானகியம்மாள் கடைக்கு வந்தார். நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். இந்த ஏர் பிரஷைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"நீங்களே வெச்சுக்கங்க. உங்களப் பத்தித்தான் எந்நேரமும் பேச்சு" என்றார். பிறகு சொன்னார்: "அடைக்கறது எப்பிடின்னு அவிங்களுக்குத் தெரியும்ங்க. ரெண்டு வருசமாவே தெரியும். மொத தடவ வெளங்குனப்பவே, 'அளகர்சாமி பிசினு வெக்கறாரு புள்ள. வான்னு கூப்புடத் தெரியல மனுசனுக்கு'ன்னு சிரிச்சாங்க. நாங்க உடுமலைய உட்டு மேல குடிவந்தப்பறம் இந்த வெளையாட்டு வேண்டாம்னாங்க. ஞாயித்துக்கெளம நம்மூட்டுலயே சோறு, வாசல்ல நின்னு சொல்லிட்டு வந்துட்டேன்னாங்க. நானும் அன்னிக்கு ராத்திரிக்கே உங்களுக்கும் சேத்து அரிசி போட்டனுங்க."

அந்த அம்மாள் போன பிறகு கடையைப் பூட்டிவிட்டு ராத்திரி முழுக்க யோசித்தேன். பொழுது விடிந்ததும் இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். நான் செய்ததை முழுவதும் சொல்லிவிட்டேன். தூக்கோ அந்தமான் தீவோ, எதுவானாலும் சரி. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த அம்மாள் துக்கத்தில் ஏதோ மாற்றிச் சொல்கிறார் என்று உங்கள் காகிதத்தில் இருக்க வேண்டும். அவருக்குப் பிசின் விஷயம் தெரியாது. அடைத்துக்கொண்டது, அதனால்தான் என்னிடம் வந்தார்.

தெரிந்திருந்தால், ஐயா, அவர் எதற்காக ஒவ்வொரு ஞாயிறும் நாலு மைல் மலையேறி வந்திருக்கப் போகிறார்?