விளக்கு வைத்த பிறகு அழித்த போட்டோ

மரக்காணத்தில் புறப்பட்ட பாண்டிச்சேரி பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் சென்டர்காரரிடம் சொன்னார்:

“எங்க வூட்டுக்காரர் மொகத்தைப் பாக்கணும்னுதான் சார், அவரு போட்டோவை எல்லாம் அழிச்சேன்.”

அதற்கப்புறம் நான் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

“துபாய்லேர்ந்து கம்ப்யூட்டர் கேமராவுல பேசுவாரு. மொகம் தெரியும்போதே வெர்ச்சுவல் மெமரி கம்மின்னு ஸ்க்ரீன்ல எழுத்து வந்து, அப்படியே நின்னுடும். எடம் பத்தலையோன்னு தினம் நாலு போட்டோவா அழிச்சேன்.”

“அது போட்டோ வெக்கிற எடம் இல்லம்மா. கம்ப்யூட்டர் வேலை செய்யற எடம். உப்பளத்துல பாத்தி பத்தலைன்னா, கரையில குவிச்ச உப்பையா கரைப்பீங்க? செட்டிங்ஸ்ல அந்த அளவைக் கூட்டி வெச்சா போதும். நான் வந்து பண்ணித் தர்றேன்.”

“அப்ப அழிச்சது?”

“ரீசைக்கிள் பின்ல, அதான் அந்தக் குப்பைக்கூடை படத்துக்குள்ள இருக்கும். அதைக் காலி பண்ணலையே?”

“தினம் காலையில வூட்டைப் பெருக்கிட்டு அதையும் காலி பண்ணிடுவேனே சார். குப்பையை வெச்சிருக்கலாமா?”

கண்டக்டர் வந்து டிக்கெட் கிழித்துவிட்டுப் போனார். அந்தப் பெண் டிக்கெட்டை நாலாக மடித்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

“ஒண்ணு இருக்குது சார். அவரு கெளம்புன அன்னிக்கு ஏர்போர்ட்ல எடுத்தது. மனசு வராம நேத்து சாயங்காலந்தான் அழிச்சேன். விளக்கு வெச்சப்புறம் குப்பையைக் கொட்டக் கூடாதுன்னு அப்படியே விட்டுட்டேன்.”

“இன்னிக்குக் காலையில?”

“நான் தொடவே இல்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு, பெருக்கற வேலை, குப்பை கொட்டற வேலையெல்லாம் பொண்ணைப் பாத்துக்கச் சொல்லிட்டு...”

அந்தப் பெண் எழுந்துவிட்டார்.

“கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க!”