பெட்டி நிறைந்த வெள்ளிக்கிழமை

ஓசியில் கிடைக்கும் எதையும் எங்கள் அலுவலகம் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த மின்னஞ்சல் பெட்டியும் அப்படி வந்ததுதான். கட்டடங்களை அளந்து, சோதித்து, வரைந்து கொடுக்கும் சின்ன அலுவலகம்; ஆறு பேர். கோப்புகளைச் சேமிக்கத் தனிக் கணினி வாங்க இயக்குநர் பம்ஃபிலுக்கு மனம் வரவில்லை. அதனால் எல்லோருக்கும் ஒரே முகவரி, ஒரே கடவுச்சொல். அதை எழுதிய தாள் காபி அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தது. வரைபடம், அறிக்கை, புகைப்படம் எல்லாவற்றையும் அந்த முகவரிக்கே அனுப்பிவிடுவோம். வேண்டும்போது தேடி எடுப்போம். பெட்டியில் போட்டாயிற்று என்றால் காமிராவில் இருப்பதை அழித்து அடுத்தவரிடம் கொடுப்பது வழக்கம். இருந்த காமிரா ஒன்றுதான்.

பெட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். குப்பை சேர்வது எனக்கு ஆகாது. வெள்ளிக்கிழமைதோறும் பெரிய கோப்புகளாகப் பார்த்து அழிப்பேன். ஒருவர் மகளின் கல்யாணப் படம், இன்னொருவர் மனைவியின் ஊறுகாய்ப் பக்குவம் என்று என்னென்னவோ கிடக்கும். "ஓசிப் பெட்டின்னதும் ஆளாளுக்குக் குடும்பத்தையே கொண்டாந்து குடி வச்சுட்டீங்களேப்பா" என்பார் பம்ஃபில்.

ஜனவரியில் ஒட்டிலியாவைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஜன்னல் அளக்க அனுப்பினோம். எங்களில் இளையவள், துருதுருப்பானவள். ஜன்னலோடு நிற்காமல் கூரைக்குள் ஏறிவிட்டாள். நாற்பத்து மூன்று படங்கள். வியாழக்கிழமை பெட்டியில் போட்டுவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போனாள்.

அந்தக் கூரை உறுதியாக இருக்கிறது என்று நவம்பரில் கையெழுத்துப் போட்டவன் நான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். முழங்கால் வலி, ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். தொண்ணூற்றாறு சதவீதம் நிறைந்திருந்தது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உத்தரங்களின் நுனி மக்கியிருந்தது. ஒன்று பிளந்தே விட்டது. பயந்துபோனேன், அதை மறைக்க விரும்பவில்லை. என் கையெழுத்து, வழக்கு, நாற்பத்தெட்டு வயதில் வேறு வேலை. பிறகு வழக்கம்போலக் கோப்புகளை அளவு வாரியாக அடுக்கினேன். ஒட்டிலியாவினுடையவை மேலே வந்து நின்றன. அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே.

திங்கட்கிழமை வந்து கேட்டாள். பெட்டி நிறைந்துவிட்டது, மறுபடி எடுத்து வாயேன் என்றேன். கூரைச் சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது; இந்த முறை அவர் எங்கள் இயக்குநரின் கடிதம் கேட்டார். பம்ஃபில் என் எதிரிலேயே அவளிடம், "படம் எங்கம்மா? கனவுல ஏறிப் பாத்தியா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வலேரியு, நீங்க அதப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. பெரிசா இருந்துச்சு, அழிச்சுட்டேன்."

ஒட்டிலியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், அந்தக் கூடத்துல பசங்க குதிக்கிறாங்க சார். எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் இல்லை. கடிதம் கிடைக்கவில்லை.

பிப்ரவரியில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. தினமும் காலையில் பள்ளித் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனேன். கூரைமேல் பனி ஒரு முழம் ஏறியிருந்தது. பார்த்துவிட்டு வேகமாக நடந்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பாடவேளையில் கூரை இறங்கியது. உள்ளே ஆறாம் வகுப்பு. நான்கு பிள்ளைகள் போய்விட்டார்கள்.

என் மகள் ஸ்மரந்தாவும் அதே வகுப்புதானே, அவள் ஏன் உள்ளே இல்லை என்று கேட்கிறீர்கள். அவளுக்குக் காதில் சீழ், விளையாட்டு வகுப்பிலிருந்து மூன்று மாத விலக்கு. டாக்டரின் சீட்டு இருக்கிறது. காபிப் பொட்டலம் ஒன்று கொண்டுபோனால் எங்கள் டாக்டர் எழுதித் தருவார். சீட்டு வாங்கிய பிள்ளைகள் கூடத்து ஓரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். தூசி காதுக்கு ஆகாது, நூலகத்தில் இருக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னேன்.

ஆமாம், சீட்டில் இருப்பது அந்த வெள்ளிக்கிழமைத் தேதிதான். அன்று மாலை நான்கு மணிக்கு அழைத்துப் போனேன். அவள் காதுக்கு ஒன்றுமில்லை.

போன நால்வரில் இலின்கா என்பவள் ஸ்மரந்தாவின் கூட்டாளி. பனிக்கு ஒரு வாரம் முன்பு மகள் என்னிடம், "அப்பா, நூலகத்துல தனியா போரடிக்குது. இலின்காவுக்கும் ஒரு சீட்டு வாங்கிக் குடேன்" என்று கேட்டாள். நான் கண்டித்தேன். அடுத்தவர் பிள்ளைக்காக டாக்டரிடம் போய்ப் பொய் சொல்வது நேர்மையான மனிதர் செய்கிற காரியமில்லை என்று எடுத்துச் சொன்னேன்.