ஓர் முனியும் ஒரு முயலும்

கழுத்திலே மாலையோடும் காலிலே கட்டோடும் இந்தத் தலைமைப் பீடத்தில் கம்பீரமாக வீற்றிருக்கும் நாட்டாண்மை பச்சையப்பன் அவர்களே! ஏரிக்கரை வழியே வண்டி கட்டி வந்திருக்கும் பாகூர்ப் பெரியோர்களே! கரும்பு வெட்டிய கையைக் கழுவாமலே ஓடி வந்திருக்கும் காளையர்களே! மடியிலே பிள்ளை, மனத்திலே அடுப்பு என்று இருந்தாலும் இடத்தைவிட்டு எழாத தாய்மார்களே! செலியமேட்டு வாசகசாலையின் இந்த ஆண்டு விழாவில் உங்கள் அனைவருக்கும் இந்த மணவாளனின் மனமார்ந்த வணக்கம்.

'பிரெஞ்சுப் படிப்பால் பெற்ற பேறுகள்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். புதுச்சேரியில் மூன்று வருடம் பிரெஞ்சு படித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அந்தப் படிப்பால் ஊர் பெற்ற பேறு என்ன? அதோ, வேலிக்கு அப்பால் தலை குனிந்து நிற்கிறாரே, அவரைப் பாருங்கள்!

ஆம், முயல் வளர்த்துப் புதுச்சேரி வெள்ளைக்காரர் அடுப்படிகளுக்கு விற்றுப் பிழைக்கும் தனக்கொடி அம்மையார்தான். ஊர்க் கிணற்றில் அவர் குடம் இறக்கக் கூடாது. மாசி பிறக்குமுன் ஊரைவிட்டே போய்விட வேண்டும். இது நம் தலைவரின் தீர்ப்பு. என்ன குற்றம் செய்தார்? முனியைக் கூட்டிவந்து முயலுக்குள் ஏற்றிவிட்டாராம்! அந்த முனி எங்கே பிறந்தது? ஆலமரத்திலா? அரசமரத்திலா? இல்லை ஐயா, இல்லை! இந்த மணவாளனின் வாயிலே பிறந்தது!

என்ன, முணுமுணுக்கிறீர்கள்? பொறுங்கள், சொல்கிறேன்.

அம்மையாரிடம் ஓர் ஆண் முயல் உண்டு. பெயர் கப்பித்தான். சித்திரை வெயிலிலே சிவனே என்று கிடந்த முயல் அது. ஐப்பசி மழை பெய்து, கார்த்திகையில் பசும்புல் தலைகாட்டியதோ இல்லையோ, அந்தச் சாது சண்டியனாகிவிட்டது! பக்கத்துக் கூண்டு முயலின் காதைக் கிழித்தது. தீனி வைத்த கையைப் பிறாண்டியது. 'இன்னாடா இது அதிசயம்' என்று பார்க்கப் போன நம் தலைவரின் வலது கால் கட்டைவிரலை… தலைவர் அவர்களே, காலை உள்ளே இழுக்காதீர்கள்; ஊர் பார்க்கட்டும்!

அன்றைக்கே அம்மையார் என்ன சொன்னார்? "அது பருவத்துக்கு வந்திருக்குதுபா. மழ வுட்டுப் புல்லு மொளச்சா அதுக்கு ரோசம் ஏறும். வெயிலு வந்தா தானா அடங்கிடும். நீ இன்னாத்துக்குக் கூண்டாண்ட காலை நீட்டுன?" என்றார். தலைவர் என்ன சொன்னார்? "உனுக்கு இன்னா தெரியும்? பாகூர்ல வெள்ளைக்கார மாட்டு டாக்டரு வந்திருக்காரு, இட்டுனு வாங்கடா" என்றார்.

டாக்டர் வந்தார். பக்கத்திலே மொழிபெயர்க்க நான் நின்றேன். எப்படி நின்றேன்? தலையிலே தலைப்பாகை, தோளிலே பட்டுத் துண்டு, நெஞ்சிலே கர்வம்! முயலைத் தூக்கிப் புரட்டிப் பார்த்த டாக்டர், 'ஓர்மோன்' என்றார். அந்தச் சொல்லை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்ல விட்டதா கர்வம்? "ஓர் முனி என்கிறார்!" என்று முழங்கினேன். அது ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றார் டாக்டர்; "முனி ரத்தத்தில் இறங்கிவிட்டதாம்!" என்றேன். பருவத்துக்குப் பருவம் ஏறும் என்றார், "வருஷா வருஷம் வருமாம்!" என்றேன். கடைசியாக இரண்டு விரலை நீட்டி, அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அடங்கிவிடும் என்றார். எந்த இரண்டை என்று நான் கேட்டேனா? "ரெண்டு உயிர் காவு கேட்கிறது!" என்று அலறினேன்.

சிரிக்கிறீர்களா? அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லையே! தனக்கொடி அம்மையாரின் வாசலில் மேய்ந்த இரண்டு சேவல்களை அமுக்கிப் பிடித்தோம். முனிக்குப் பொங்கல் வைத்தோம். சேவல்களை அறுத்தோம். குழம்பு கொதித்தது, ஊரே மணத்தது. எனக்கு ஒரு தொடை வந்தது. அந்தப் பாவத்தை மறைக்க மாட்டேன். மறுநாள் திருநீறு போடப் போன பூசாரியின் சுண்டுவிரலைக் கப்பித்தான் கவ்வியது! உடனே என்ன சொன்னோம்? 'காவு கொடுத்தும் முனி போகவில்லையென்றால் அதை ஏவி வைத்திருப்பவளே தனக்கொடிதான்' என்றோம். அப்படித்தான் இந்தத் தீர்ப்புப் பிறந்தது.

போன வாரம் அந்த டாக்டரைத் தேடிப் புதுச்சேரிக்குப் போனேன். "முனி அடங்கவில்லையே டாக்டர்" என்றேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார் பாருங்கள், மூக்குக்கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது! அப்புறம் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். உடம்புக்குள்ளே சில சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஊறும் சாறுதான் ஓர்மோன். பருவம் மாறினால் அதன் ஊற்றும் மாறும். ஏறினால் எலியும் எதிர்க்கும், முயலும் முட்டும். இறங்கினால் எல்லாம் அடங்கும். அது முனியும் இல்லை, மோகினியும் இல்லை!

அங்கே யார், நம்ப முடியாது என்கிறீர்களே? மாட்டுக்குக் காயடிக்கும் கண்ணையன் அவர்களே, எழுந்து நில்லுங்கள்! கொம்பைத் தூக்கிக்கொண்டு வந்த காளை, உங்கள் கை பட்ட பிறகு ஏரில் பூட்டினால் எப்படிச் சாதுவாகிறது? கேட்டீர்களா, "இன்னா சாமி, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்கிறார். நீங்கள் எடுத்தது முனியையா கண்ணையன்? டாக்டர் சொன்ன 'இரண்டு' எது என்று இப்போது புரிகிறதா? தாய்மார்கள் முந்தானையால் வாயைப் பொத்த வேண்டாம், தாராளமாகச் சிரியுங்கள். சேவல் இரண்டும் செத்தது எதற்காக என்று நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆணுக்கு மட்டும்தானா இது? குட்டி போட்ட தாய் முயலிடம் கையை நீட்டிப் பாருங்கள்! ஆமாம் ரோசம்மாள், கோழி அடைகாக்கும்போது உன் கையைக் கொத்தியதும் இதே கதைதான்.

ஆனால் அன்பர்களே, என் நெஞ்சைச் சுடுவது வேறு. டாக்டர் பட்டணத்தில் படம் போட்டு விளக்கியதை, முதல் நாளே, பச்சைத் தமிழில், பாமரரும் அறியும்படி சொன்னவர் யார்? இந்த அம்மையார்! பருவம் என்றார், ரோசம் என்றார், வெயில் வந்தால் அடங்கும் என்றார். நாம் கேட்டோமா? தமிழில் சொன்னால் உளறல், பிரெஞ்சில் சொன்னால் உண்மையா? தெரிந்தவர் வேலிக்கு வெளியே நிற்கிறார். தெரியாதவன் மேடையிலே நிற்கிறேன். இதுவா நியாயம்? தப்பு அவர் மேல் இல்லை, என் மேல்! ஊரைவிட்டு ஒருவர் போகத்தான் வேண்டுமென்றால் நான் போகிறேன். தலைவர் அவர்களே, தீர்ப்பை மாற்றுங்கள்!

தலைவர் செருமுகிறார்… மாலையைக் கழற்றுகிறார்… எழுந்து நிற்கிறார். அமைதி, அமைதி! கேட்டீர்களா? "ஏ தனக்கொடி, நீ எங்கயும் போவ வேணாம். நாளைக்கே கெணத்துல கொடம் எறக்கு. இப்ப உள்ள வந்து உக்காரு" என்கிறார்! கை தட்டுங்கள்!

பொறுங்கள், அம்மையார் ஏதோ சொல்கிறார். "வரேன்பா. மொதல்ல எஞ் சேவல் ரெண்டையும் தின்னவங்கல்லாம் கையத் தூக்குங்க, பாக்கறேன்" என்கிறார்.

இதோ, முதல் கை என்னுடையது. பூசாரி கை வருகிறது. அப்பப்பா, பந்தல் முழுக்கக் கைகள்! தலைவர் அவர்களே, குழம்பிலே ஈரல் உங்களுக்குத்தான் வந்தது, தூக்குங்கள்! தூக்கிவிட்டார்! என் அருமைப் பெருமக்களே, தூக்கிய கைகளை யாரும் இறக்க வேண்டாம். அப்படியே ஒன்றாகக் குவித்து வேலிப்பக்கம் திரும்புங்கள். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி உங்களுக்கு. வணக்கம் அந்த அம்மையாருக்கு.