காது கொடுக்கும் பயிற்சி

ஏரியூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் கழுத்தில் பல்கலைக்கழக ஆலோசனை மையத்தின் அடையாள அட்டை. அவள் பக்கவாட்டில் திரும்பியபோது அதில் ‘பயிற்சி உளவியலாளர்’ என்று தெரிந்தது. ஒட்டுக்கேட்க எனக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

“அறிவுரையே சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குப் பயிற்சி குடுக்கற மேடம் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் அறிவுரை சொன்னாங்கக்கா.”

“அப்ப வர்ற புள்ளைங்களுக்கு என்னதான் பண்ணுவீங்க?”

“காது குடுத்துக் கேக்கணும். பேசப் பேச அவங்களுக்கே வழி தெரியுமாம். அதான் எங்க மையத்தோட தத்துவம்.”

“நல்ல தத்துவந்தான். நீ கேட்டியா?”

“கேட்டேன். படிப்ப வுட்டுட்டு வூட்டுக்கே போறேன்னு ஒரு புள்ள வந்து அழுதுச்சு. நான் குறுக்கப் பேசவே இல்ல. அடுத்த வாரமும் வரேன்னு சொல்லிட்டுப் போச்சு.”

“மேடம் பாராட்டியிருப்பாங்களே.”

“வாயவே தொறக்க மாட்டேங்கற, நீயெல்லாம் எதுக்கு இந்தப் படிப்புக்கு வந்தன்னு கேட்டாங்க.”

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“சரி, உங்க மேடத்துக்கிட்ட போற புள்ளைங்க?”

“ரெண்டாவது தடவ ஒருத்தரும் வர்றதில்லக்கா. எல்லாரும் ஒரே தடவையில சரியாயிடறாங்கன்னு மேடம் பெருமையா சொல்லிக்குவாங்க.”