வலைநூல் தைத்த பொத்தான்

மண்ணுக்குள் கிடந்த பொத்தானைக் கழுவப் பழைய பல்தூரிகைதான் நல்லது. வெந்நீர் கூடாது, நிறம் மங்கிவிடும். இதெல்லாம் நானாகவே கற்றுக்கொண்டது.

நாடு விட்டு வந்து, இங்கே பகலில் லிபெர்த்தா வீதியில் ஒரு முதிய சிஞ்ஞோராவை, வெள்ளைக்காரப் பாட்டியை, பார்த்துக்கொள்கிறேன். மீதி நேரம் என் பொத்தான்களுக்கு. எங்கள் யுத்தத்தின் சீருடைப் பொத்தான்கள், இரண்டு தரப்பினுடையதும். முல்லைத்தீவுப் பக்கம் கிணறு வெட்டும் சாந்தன் மண்ணில் கண்டதைப் பொறுக்கி அனுப்புவான். கபோ சந்தையில் வாங்கிய பெட்டியில் அடுக்கி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

சறோஜாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் சிநேகிதன் டெனிஸ்டனின் மனைவி. மன்னாரில் வலை பின்னும் குடும்பம், இப்போது அவளும் இங்கேதான். கடைசிச் சண்டையில் இயக்கம் டெனிஸ்டனைப் போராட வரச்சொல்லிப் பிடித்துக்கொண்டு போனது, பிறகு தகவலில்லை. ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் அவளுக்கு ஒரே கதைதான்.

"கடைசியாக் கண்டநேரம் சேர்ட்டிலை ஒரு தெறி இல்லை, ஜோக்கிம் அண்ணை. பச்சைப் பொத்தான் ஒண்டை வலைநூலாலை நான்தான் தைச்சு விட்டனான். வலை முடிச்சு, அவிழாது."

இறந்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருவாள். "உயிரோடை இருக்கிறவருக்கோ?"

மூன்று வருடத்துக்கு முன் சாந்தன் ஒரு படம் அனுப்பினான். பச்சைப் பொத்தான். துளைகளில் நைலோன் நூல், பின்புறம் வலை முடிச்சு. பார்த்ததுமே யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணை, எலும்பும் கிடக்கு. பொலிசுக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டான்.

சொன்னால் நீதிமன்றம் வரும். பொத்தானை உறையில் போட்டு முத்திரை வைப்பார்கள். என்னிடம் நூலோடு ஒன்றுகூட இல்லை. நிதானமாக யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

போன மாதம் சிஞ்ஞோராவுடன் பக்கத்து ஊரான பகேரியாவில் நான்கு நாள் தங்க வேண்டியிருந்தது. பூச்செடிக்குத் தண்ணீர் விடச் சறோஜாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். அலுமாரியைத் தொடாதே என்று சொல்லியும் திறந்துவிட்டாள். கூடப்பிறந்தவளாக நம்பியவள் இப்படி முதுகில் குத்துவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

திரும்பி வந்தபோது பொத்தானைக் கைக்குள் பொத்தியபடி தரையில் இருந்தாள். "அவர் எங்கை, அண்ணை?" என்று மட்டும் கேட்டாள்.

நான் பொய் சொல்கிறவனல்ல. எலும்புகளைச் சாக்கில் அள்ளிக் கடலில் போடும்படி சாந்தனிடம் சொன்னது நான்தான் என்றேன்.

இப்போது கோயிலில் எங்கள் ஆட்கள் ஒருவரும் என் முகம் பார்ப்பதில்லை. நீங்களாவது யோசித்துப் பாருங்கள். இந்த மூன்று வருடமும் டெனிஸ்டனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.