அந்தப் பாயும் என்னுது

செயின்ட் லூயி, தீவுக் காவல் நிலையம். ஜூன் இரண்டாம் தேதி காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு உதவி ஆய்வாளர் ஹமாதி பாரி கேட்க, நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் யாந்தே தியோன். தந்தை பெயர் லத்தீர் தியோன், காலமாகிவிட்டார். வயது நாற்பத்தெட்டு. பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆவணங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். மணமாகவில்லை. முகவரி, தீவின் வடக்குப் பகுதியில் ஆற்றைப் பார்த்த தெரு, பெந்தா வான் வீட்டு மேல்மாடி. அதை முகவரி என்று எழுதக் கூடாது என்று புகார் கொடுத்த பெந்தா தரப்பில் சொல்லப்பட்டதால், ‘தற்போது இருக்கும் இடம்’ என்று எழுதிக்கொள்வதாக அதிகாரி சொன்னார். பதினோரு வருடமாக எனக்குக் கடிதங்கள் அந்த இடத்துக்குத்தான் வருகின்றன என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

பதினோரு வருடத்துக்கு முன் அக்டோபர் மாதம், மழை நின்ற வாரத்தில், அந்த மேல்மாடியை வாடகைக்குக் கேட்டுப் போனேன். இரண்டு அறை, ஆற்றுப் பக்கம் மரப் பால்கனி. பால்கனிக் கம்பியில் துரு இருந்தது, சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது, ஆனாலும் பிடித்திருந்தது. கீழே முற்றத்தில் பெந்தா வான் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கணவர் தெம்பா அருகே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். பெந்தா என் குடும்பப் பெயரைக் கேட்டார், சொன்னேன். அதன் பிறகு அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “தியோனா? இங்க பாருங்க தெம்பா, ஓடிப்போன நம்ம அடிமை தானா திரும்பி வந்திருக்கா. ஏறுடி, மேல உனக்குன்னு இடம் வச்சிருக்கேன்” என்றார். நான், “அடிமை யாருன்னு ஊருக்கே தெரியும். உங்க பாட்டன் மாட்டைத் தொலைச்சிட்டு எங்க பாட்டன் வாசல்ல வந்து படுத்தவர்தானே” என்றேன். அதோடு வாடகை பேசி முடிந்தது.

அதிகாரிக்கு இது தெரிந்ததுதான். காகிதத்தில் இருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். நாங்கள் செரேர், அவர்கள் புலார்; குடும்பப் பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும். எங்கள் இரண்டு இனத்துக்கும் நடுவே கேலி முறை உண்டு. ஒருவரை ஒருவர் அடிமை என்று சொல்லலாம், திருடன் என்று சொல்லலாம், சாவு வீட்டிலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘ஆமாம், நான்தான் அடிமை’ என்று யாரும் ஒத்துக்கொள்வதும் இல்லை. அப்படிச் சொன்னதை வெளியே எடுத்துப் போய் யாரும் பயன்படுத்துவதும் இல்லை.

முதல் மாத வாடகையைக் கொடுத்தபோது ரசீது கேட்டேன். பெந்தா, “அடிமைக்கு ரசீது குடுத்தா நாளைக்கு விடுதலைப் பத்திரம் கேப்பா” என்றார். தெம்பா சிரித்தார், நானும் சிரித்தேன். அதன் பிறகு கேட்கவில்லை. காகிதம் இல்லாத எதையும் நம்பாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. இதை அதிகாரி கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு பதினோரு வருடமும் காலையில் நான் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் பெந்தா கீழிருந்து, “ஏ அடிமை, எழுந்தாச்சா?” என்பார். நான், “எசமானி எழுந்துட்டா, தண்ணி கொண்டு வா” என்பேன். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சில நாட்களில் அலுவலகம் போய்ச் சேரும்வரை நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான். மற்ற நேரத்தில் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை வாடி போடி என்பார்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் டிசம்பரில் தெம்பா இறந்தார். அதன் பிறகு பெந்தா பேசுவதை நிறுத்திவிட்டார். வெள்ளைத் துணியில் முற்றத்துப் பாயில் உட்கார்ந்திருப்பார், வாயில் ஊட்டினால் இரண்டு கவளம், அதற்கு மேல் இல்லை. நாற்பதாம் நாள் ஓதி முடித்துச் சாப்பாடு போட்டார்கள். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பெந்தாவின் தம்பி பொக்கார் மேலே ஏறி வந்து, “தியோன் அக்கா, நாங்க எல்லாரும் பேசிப் பாத்துட்டோம். நீங்க ஒரு தடவை வந்து ஏதாவது சொல்லுங்க. உங்களுக்குத்தான் உரிமை இருக்கு” என்றார். அப்போது அவர் கையில் போன் இருந்ததைப் பார்த்தேன்.

அதன் பிறகு நான் கீழே போய் பெந்தாவின் முன்னால் மண்டியிட்டேன். எனக்கு அப்படிச் செய்து பழக்கமில்லை. நான் சொன்னது இது: “எசமானி, இன்னைக்கு ஒத்துக்கறேன். நான் உன் அடிமை. எங்க அப்பனும் உங்க அடிமை. மேல இருக்கற அறை நீ போட்ட பிச்சை. ஒரு நாளும் வாடகைன்னு ஒரு காசு நான் குடுத்ததில்ல. போன்னு சொன்னா பாயைச் சுருட்டிட்டுப் போயிடுவேன்.”

பெந்தா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அதன் பிறகு, “அந்தப் பாயும் என்னுதுடி” என்றார். நாற்பது நாளில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அதன் பிறகு அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், எனக்குப் போட்ட தட்டிலிருந்தே மீன் சோறு எடுத்துச் சாப்பிட்டார். நான்கு கவளம். பொக்கார் எடுத்த வீடியோவை அன்று மாலையே உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார், எனக்கும் அனுப்பினார். நான் அதை அழிக்கவில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் ஆற்றுப் பக்கச் சுவரில் விரிசல் விட்டது. பழைய வீடு என்பதால் சிமென்ட் பூசக் கூடாது, சுண்ணாம்பும் அதே வகை மரமும்தான் போட வேண்டும் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். அது பெந்தாவால் ஆகிற காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏப்ரலில் தலைநகரிலிருந்து ஒருவர் வந்தார். வீட்டை வாங்கி விடுதி ஆக்கப் போவதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து, நாடாவால் பால்கனியை அளந்து, என்னைப் பார்க்காமல் பொக்காரிடம், “மழைக்கு முன்னாடி வீடு மொத்தமும் காலியா இருக்கணும்” என்றார். பொக்கார், “இவங்க விருந்தாளிதான் சார்” என்றார். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கீழிருந்து குரல் வரவில்லை. பெந்தாவுக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்து இஞ்சி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

மே பதினெட்டாம் தேதி நீதிமன்ற அமீனா ஒரு காகிதம் கொண்டுவந்தார். நான் இலவசமாகத் தங்க அனுமதிக்கப்பட்ட விருந்தாளி என்றும், வீட்டுக்காரர் போகச் சொல்லியும் போகவில்லை என்றும், பதினைந்து நாளில் வெளியேற வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதற்கு முன் என்னை யாரும் போகச் சொல்லவில்லை. கூட ஒரு தாள் இணைத்திருந்தார்கள். நான் மண்டியிட்டுச் சொன்னதைப் பிரெஞ்சில் பெயர்த்து, வரிக்கு வரி எண் போட்டு, முத்திரை குத்தியிருந்தார்கள். பெயர்ப்பில் குற்றம் இல்லை. ஆறாவது வரி, பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவேன் என்பது. அதோடு தாள் முடிந்துவிட்டது.

அதன் பிறகு நான் கீழே போனேன். பெந்தா அறைக்குள் இருந்தார், கதவு தாழ் போட்டிருந்தது. தட்டினேன். நான் சத்தம் போட்டதாகவும் மிரட்டியதாகவும் புகாரில் இருப்பது சரியல்ல. இரண்டு தடவை “அக்கா” என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

இன்று காலை இரு தரப்பையும் இங்கே வரச் சொல்லியிருந்தார்கள். பொக்கார் கொண்டுவந்த வீடியோவை அதிகாரி போட்டுப் பார்த்தார். அது பாய் என்ற இடத்திலேயே நின்றது. அதன் பிறகு என் போனில் இருந்ததைக் கொடுத்தேன். அது முழுதும் ஓடியது. பெந்தாவின் சிரிப்பு இந்த அறையில் கேட்டது. வாசலில் நின்ற காவலர் தன்னையறியாமல் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பொக்கார் சுவரைப் பார்த்தார். அதிகாரி பெந்தாவிடம் புலார் மொழியில், “அக்கா, நானும் நம்ம ஆளுதான். எனக்கும் செரேர் சிநேகிதங்க இருக்காங்க. இது கேலி இல்லையா? நீங்களே சொல்லுங்க” என்று கேட்டார்.

பெந்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அதன் பிறகு என் பக்கம் திரும்பாமல், “மேடம் தியோன் அவங்க வாயால சொன்னதத்தான் நாங்க எழுதிக் குடுத்திருக்கோம். அவங்க படிச்சவங்க, தெரியாம சொல்ல மாட்டாங்க” என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் என்னை மேடம் என்று சொன்னதில்லை.

கேள்வி: வீடியோவில் இருக்கும் குரல் உங்களுடையதா?

பதில்: ஆம்.

கேள்வி: அதில் சொல்லியிருப்பது உண்மையா?

பதில்: இல்லை. நான் மாதம் தவறாமல் வாடகை கொடுத்து இருப்பவள். அன்று சொன்னது ஒவ்வொன்றும் பொய் என்று தெரிந்தே சொன்னேன், பொய் என்று தெரிந்தே பெந்தா சிரித்தார். முழு வீடியோவையும் சாட்சியமாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். அதைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. ஆனாலும் கொடுக்கிறேன்.

கேள்வி: நீங்கள் கேட்பது என்ன?

பதில்: வாடகைக்கு இருப்பவருக்குச் சட்டப்படி தர வேண்டிய ஆறு மாத அவகாசம். வீட்டை விற்பது அவர் உரிமை. சுவர் விழுகிறது, பணம் இல்லை, போயிடுடி என்று படியடியில் நின்று சொல்லியிருந்தால் நான் மழைக்கு முன்னாலேயே போயிருப்பேன். இப்போது போக மாட்டேன். ஆறு மாதமும் அங்கேதான் இருப்பேன். ஏறும்போதும் இறங்கும்போதும் வணக்கம் மேடம் வான் என்று சொல்வேன்.

இன்று காலை உள்ளே வந்ததும் என் பெயரைக் கேட்ட அதிகாரி, “தியோனா? அப்ப நம்ம வீட்டு அடிமைதான், உக்காருங்க” என்று நல்ல மனதோடு சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. அது அவரை அவமதிப்பதற்காக அல்ல என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். எழுதிக்கொண்டார்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன். இதில் கேலிக்காகச் சொன்னது ஒரு வார்த்தையும் இல்லை.

(ஒப்பம்)
யாந்தே தியோன்